குருவித் தீவில் இன்னொரு ராடு

1

“…புழுதிதானுங்க வந்துச்சு எங்க ஊர்ல. இங்க எறக்குனா கடலே வந்துருமுங்க. இன்னொரு ராடுங்கற பேச்சை இத்தோட உட்ருங்க. அந்தப் பேச்சைப் பேசிப் பேசித்தான் நாங்க ஒரு ஜில்லாவையே காய வெச்சோம்” என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

சொன்னது தமிழில். எதிரே நின்ற, தீவில் பங்களா கட்ட வந்த கம்பெனிக்காரருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மொழிபெயர்க்க நிறுத்தப்பட்டவன் நான்.

இது நடந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் இருக்கிற நம் ஆட்களுக்கு இதை எழுதியே ஆக வேண்டும் என்று அன்றே நினைத்தேன். கடலுக்கு நடுவில், யாரும் பேர் கேள்விப்படாத ஒரு தீவில், ஆழ்துளைக் கிணறு போடுகிற நம்மூர் போர்க்காரர் ஒருவர் ஜெயித்த கதை இது. அவர் ஜெயித்தது தண்ணீர் எடுத்து அல்ல. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

2

நான் இருப்பது செஷல்ஸ் நாட்டில். பறவைகளுக்காக ஒதுக்கிவைத்த ஒரு சின்னத் தீவில் எனக்குப் படகோட்டும் வேலை. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் நானே. என் வீடு பக்கத்துத் தீவில், மீனவர் குடியிருப்பில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் படகை எடுத்தால் மாலை நான்கரைக்குத் திரும்பிவிடுவேன். நான்கு மணிக்கு மேல் எந்த விருந்தாளியும் தீவில் இருக்கக் கூடாது. அங்கே தங்க அனுமதி, காவலுக்கு இருக்கும் ஐந்தாறு பேருக்கு மட்டும்தான்.

வெளிப் படகு எதுவும் எங்கள் கரையைத் தொடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். வருகிறவர்கள் கடலிலேயே நிற்பார்கள். நாங்கள் போய் எங்கள் படகில் மாற்றி ஏற்றி வருவோம். இறங்கியதும் சோதனை அறை. பையைக் கவிழ்த்து உதற வேண்டும், செருப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழம், விதை, மண், இலை எதுவும் உள்ளே போகாது. ஏனென்றால் ஒரு சினை எலி கரையேறினால் போதும். இத்தனை பறவைகளும் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் முட்டை இடுகிறவை. நாலே வருடத்தில் தீவு மொட்டையாகிவிடும்.

வீட்டுக்கு வந்தவரை “வாங்க வாங்க” என்று மூன்று தரம் சொல்லாவிட்டால் முகம் சுளிக்கிற சீமையில் பிறந்த எனக்கு, வந்தவரை வாசலில் நிறுத்திப் பையை உதறச் சொல்ல முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. வெள்ளை ஆலா என்று ஒரு பறவை அதைப் போக்கியது. அது கூடே கட்டாது. வெறும் கிளையில், சின்னப் பள்ளம் பார்த்து, ஒரே ஒரு முட்டை வைக்கும். ‘மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்’ என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டல்லவா? அதை முழுசாக நம்புகிற ஒரே ஜீவன் இதுதான் என்று விருந்தாளிகளிடம் சொல்லுவேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சத்தமில்லாமல் நடப்பார்கள்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. பத்தொன்பது வருடம் முன்பு, துளை போடும் ரிக் வண்டியோடு, துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் இரும்பு ராடு மாட்டுகிற ஆளாக இந்த நாட்டின் பெரிய தீவுக்கு வந்தேன். உலகத்தில் எங்கே துளை போட்டாலும் போடுகிறவன் திருச்செங்கோட்டுக்காரனாக இருப்பான் என்று நாம் பெருமை பேசுவோம், அது நிஜம்தான். அந்த வண்டியின் டிரில்லர் நாச்சிமுத்து அண்ணன். எனக்கு நாலு வயது மூத்தவர். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ராடு தூக்கி என் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு நான் படகு வேலைக்கு மாறினேன். அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது சொன்னது: “ஆடு மேய்க்கலாம், மாடு மேய்க்கலாம். குருவி மேய்க்கற தொழிலை உன்கிட்டத்தான்டா பாக்கறேன்.”

தீவின் காவல் பொறுப்பு மாதாம் ரோஸ்லினிடம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர், கறாரானவர். சேர்ந்த முதல் வாரம் சாயங்காலம் கிளம்பும்போது, நம் வழக்கப்படி “வாரேன்” என்பதை அவர்கள் மொழியில் அப்படியே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போகிறவன் ‘போகிறேன்’ என்று சொல்லலாமா? அந்த அம்மா நான் திரும்பி வருவேன் என்று சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மறுநாள் கிடைத்த பாட்டு எனக்குக் கிரியோல் மொழியில் முதல் பாடம்.

3

பங்களாத் திட்டம் வந்தது அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து. ஒரு கம்பெனி, தீவில் எட்டு பங்களா கட்டி விருந்தாளிகளை வாரக்கணக்கில் தங்கவைக்க அனுமதி கேட்டது. பறவைகளுக்குத் தொந்தரவு வராது, பச்சை விளக்கு, சூரிய மின்சாரம் என்று அழகழகான படம் போட்ட புத்தகம் கொடுத்தார்கள். அரசாங்க அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: “தண்ணீர்?”

தீவின் நடுவில் ஒரு சதுப்பு இருக்கிறது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கீழே கடல் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதந்து நிற்கிறது. அது மேலே கசிந்து வருகிற இடம்தான் சதுப்பு. பறவைகள், ஆமைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் குடிதண்ணீர். எட்டு பங்களா அதை உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் ‘தெரியும்’ என்பது காகிதம் ஆகாது. சோதனைத் துளை போட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்து, துளை போட்டவர் கையெழுத்தோடு தாள் வர வேண்டும். தண்ணீர் தாங்கும் என்று தாள் வந்தால் பங்களா வரும். தாங்காது என்று வந்தால் வராது. தீவின் தலையெழுத்து அந்த ஒரு தாள்.

கம்பெனி கூட்டி வந்த போர்க்காரர் யார் என்று கேட்டேன். நாச்சிமுத்து அண்ணன்! சோதனை தேறினால் பங்களாப் போர் வேலை முழுவதும் அவருக்கு என்று பேச்சு.

பெரிய ரிக் தீவில் இறங்காது. அதனால் கைபோர், முக்காலி நட்டு, ஆட்களே திருகி இறக்குகிற மணல் துளை. அனுமதிப் படிவத்தில் ‘தீவுக்குக் கொண்டுவரப்படுபவை’ என்ற கட்டத்தில் அண்ணன், நாம் சொல்லுகிறபடியே ‘போர்’ என்று காதில் விழுந்த எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து வேறு. அவர் எழுதிய எழுத்துக்குக் காட்டுப்பன்றி என்று அர்த்தம்.

அலுவலகத்திலிருந்து கடுமையான பதில் வந்தது: விண்ணப்பத்தில் கண்ட காட்டுப்பன்றி ஒன்றையும், அதைக் கையாளும் நால்வரையும் தீவில் அனுமதிக்க எக்காரணம் கொண்டும் இயலாது. மாதாம் ரோஸ்லின் அன்றே கரையில் வலை கட்டச் சொல்லிவிட்டார்.

அண்ணன் எனக்குப் போன் போட்டார். “ஏண்டா செங்கோடா, என்னைப் பன்னி மேய்க்கறவன்னு எழுதிப்போட்டானுங்களாமா?”

“எழுத்துப் பிழைங்ணா. ஆங்கிலத்துல அப்படி ஆயிருச்சுங்ணா.”

“நீ குருவி மேய்க்கற. நான் பன்னி மேய்க்கறேன். நல்ல ஊருக்குத்தான்டா வந்து சேந்தோம்.”

பன்றி இல்லை என்று நிரூபிக்க மூன்று வாரம் ஆனது. இயந்திரத்தைப் படம் எடுத்து, நாலு பக்கமும் காட்டி, இதற்கு உயிர் இல்லை என்று ஒரு கடிதமும் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். எங்கள் பக்கமே இல்லாத வேலைக்கு இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்று என் மனைவி கேட்டாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிவைத்தேன். உண்மையில், அண்ணனைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

4

என் மகள் நித்யாவுக்குப் பதினாறு வயது. சனி, ஞாயிறு தீவில் சோதனை அறையில் நிற்பாள், மற்ற நேரம் பறவை எண்ணுவாள். கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் தண்ணீராக ஓடும். தமிழ் மட்டும் தத்தக்கா பித்தக்கா. “அப்பா, குருவி வந்தான், முட்டை போட்டான்” என்பாள். அவள் தமிழைக் கேட்கும்போதெல்லாம் என் பிள்ளை கரை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நோவு உண்டு. திருச்செங்கோடு அவளுக்கு ஒரு பயணம். இந்தத் தீவுதான் ஊர்.

போர் இறங்கிய சனிக்கிழமை அண்ணனும் மூன்று ஆட்களும் எங்கள் படகில் வந்தார்கள். கிளம்பிய இடத்திலேயே எச்சரித்தேன். கேட்டால்தானே! சோதனை அறையில் அண்ணன் பையிலிருந்து ஒரு தேங்காய், வேப்பிலைக் கொத்து, ஏழு எலுமிச்சம்பழம் எல்லாம் உருண்டு வந்தன.

“பெரியப்பா, இது எல்லாம் உள்ள வர மாட்டான்” என்றாள் நித்யா.

“சாமி, அது பூசைக்குங்க கண்ணு. பூசை போடாம பிட்டு எறக்க மாட்டனுங்க. நாப்பது வருசமா எறக்கினதில்ல.”

“எலுமிச்சம்பழத்துல விதை இருக்கு பெரியப்பா.”

“விதையைப் பிதுக்கி எடுத்துப்போட்டுத் தாரேன்.”

“எறும்பும் இருக்கலாம்.”

அண்ணன் பழத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். “இல்லீங்க சாமி, சத்தமே வல்லீங்க.” வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் கூடச் சிரித்துவிட்டார்கள். நித்யா சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டினாள். கம்பெனிக்காரர் வந்து, எலுமிச்சைக்காக ஒரு நாள் வேலை கெடுவதா என்று மாதாம் ரோஸ்லினிடம் வாதாடினார். அந்த அம்மா, “ராஜா வந்தாலும் பழம் வெளியேதான்” என்றார்.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். கடல் தீவின் சட்டத்தில் வராது. மண்ணைத் துளைக்கிற இரும்பு முனையான பிட்டையும், டப்பாவில் பூட்டிய பூசைச் சாமானையும் திரும்பப் படகில் ஏற்றி, பாறை எல்லைக்கு வெளியே போய்ப் பூசை போட்டோம். அலையில் படகு ஆடியது. அண்ணன் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தைப் பிழிந்தார்; குங்குமம் இட்டார்; அர்த்தநாரீஸ்வரரைக் கூப்பிட்டார். தேங்காயைக் கடலிலேயே உடைத்தார். நிறைவாகத் திரும்பினோம்.

கரையில் நித்யா சோப்புத் தண்ணீர் வாளியோடு நின்றாள். வெளியே போய் வந்த எதுவும் கழுவித்தானே உள்ளே வர வேண்டும்? பிரஷ் போட்டுப் பிட்டைத் தேய்த்து, குங்குமம் போகக் கழுவினாள்.

“அட என்ற சாமி!” என்று தலையில் கை வைத்தார் அண்ணன். “பூசையவே கழுவிப்போட்டயே!”

பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “நம்ம பூசையில காட்டற அக்கறை இல்ல இது. அதைய உடப் பெருசா இருக்குது. வுடு, எறக்குவோம்.”

5

பதினோரு அடியில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்தார். பாஷாணமோ பாலோ, நாக்கில் வைக்காமல் ஒரு போர்க்காரர் நகரமாட்டார். “இளநி மாதிரி இருக்குதுடா” என்றார். கம்பெனிக்காரர் கை தட்டினார். மாதாம் ரோஸ்லின் சதுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஒன்பது மணிக்கு இறைப்பு ஆரம்பித்தது. சின்னப் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. மணிக்கு ஒரு தரம் அண்ணன் சுவைத்தார். பத்து மணிக்கு இளநீர். பதினொன்றுக்கும் அதேதான். பன்னிரண்டுக்கு அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். ஒரு மணிக்கு என் கையில் கொஞ்சம் ஊற்றினார். எனக்கு நன்றாகத்தான் பட்டது. இரண்டு மணிக்கு நித்யா ஓடி வந்தாள், சதுப்பு ஓரத்தில் அவள் நட்டுவைத்த அளவுக் குச்சியில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது என்று. அந்த மணிக்கு எனக்கே கரித்தது.

‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே’ என்று நம் பக்கம் சொல்லுவார்கள். போர்க்காரர்கள் பழித்ததில்லை, கேட்டுக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான். மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் வெள்ளாமைக் காட்டில் அப்பா போர் போட்ட நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. டிரில்லர் இதே நாச்சிமுத்து அண்ணன், ராடு மாட்டியவன் நான். முந்நூறு அடி போனோம், ஈரமில்லை. “இன்னொரு ராடு எறக்கிப் பாக்கலாங்க” என்றார் அண்ணன். அப்பா தலையாட்டினார். ஐந்நூறு ஆயிற்று. இன்னொரு ராடு. எண்ணூறு. இன்னொரு ராடு. ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊருக்கு ஆழத்தில் எங்கே நிற்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆயிரம் அடியில் பாறைப் புழுதி குபுகுபுவென்று எழுந்து அப்பா தலை, மீசை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தட்டிவிட்டுக்கொள்ளக்கூட இல்லை அவர். அந்த வெள்ளை குளித்தால் போயிருக்கும். ஆனால் அவருக்கு வயதானது அன்றைக்குத்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். மறு வாரம் பக்கத்துக் காட்டில் எங்கள் வண்டி நின்றது. அங்கேயும் அதே பேச்சு.

இதெல்லாம் தெரிந்த அண்ணன், மூன்று மணிக்குத் தண்ணீரைத் துப்பினார். கம்பெனிக்காரர் அருகே வந்தார். மேல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் நல்லது கிடைக்கும், கேட்டுச் சொல் என்றார் என்னிடம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிபெயர்க்கிறவன் நினைத்தால் கொஞ்சம் வளைக்கலாம். எனக்கும் அந்த நப்பாசை வந்தது. வளைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது என் வாயில் தமிழாக வரும்போது, ராடு மாட்டியவன் வாயில் எப்படி வருமோ அப்படித்தான் வந்தது:

“இன்னொரு ராடு எறக்கிப் பாக்கலாமாங்கறார்ங்ணா.”

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாக அவர் பிறருக்குச் சொன்ன பேச்சு. அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. முதல் தரம் கேட்கிறார், அதுவும் என் வாயால். முகம் ஒரு மாதிரி கோணியது. பம்பை நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினார்.

6

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துச் சொல்லுகிற கெட்டிக்காரத்தனம் எனக்குக் கிடையாது. பங்களா வரவில்லை! ‘ஆறு மணி நேரத்தில் உப்பு, தாங்காது’ என்று தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் அண்ணன். நித்யா அதன் கீழே மூன்று மொழிகளில் எழுதினாள். ஒரு எழுத்துக்கூடப் பன்றியாகாமல் நான் இரண்டு தரம் சரிபார்த்தேன். அலுவலகம் அனுமதியை மறுத்துவிட்டது.

தங்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது எங்கள் மீனவர் குடியிருப்பு வீடுகளில் தங்குகிறார்கள். வீட்டுக்காரர்களோடு மீன் குழம்பு சாப்பிட்டு, காலையில் என் படகில் பறவை பார்க்க வருகிறார்கள். அந்த வீடுகளின் கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்கிற வேலை யாருக்கு என்கிறீர்கள்? நாச்சிமுத்து அண்ணனுக்குத்தான். “இத்தன வருசம் கீழ பாத்துப் போர் போட்டேன். இப்ப மேல பாத்துப் போடறன்டா” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இந்த வருட மழைக்குச் சதுப்பு கரை தொட்டு நிற்கிறது. நித்யாவின் எண்ணிக்கைப் புத்தகத்தில் பக்கம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருக்கிறாள். நோட்டின் மேல் அட்டையில் தமிழில் ‘குருவிகள்’ என்று எழுதியிருக்கிறது. ‘ரு’வுக்குச் சுழி கோணல்தான். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாக எழுதியது.

இனி அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கே வருகிறேன். ஜில்லாவையே காய வைத்தோம் என்று அண்ணன் சொல்லி முடித்ததும் கம்பெனிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு, இன்னொரு போர்க்காரரைக் கூட்டி வருவதாகச் சொன்னார்.

“கூட்டிட்டு வாங்க. அவனும் திருச்செங்கோட்டுக்காரனாத்தான் இருப்பான். நான் பேசிக்கறேன்” என்றார் அண்ணன். அதையும் மொழிபெயர்த்தேன். மாதாம் ரோஸ்லின் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

கைபோர் இறங்க இறங்க வருகிற மண்ணை அடிக்கு ஒரு குவியலாக வரிசையில் வைப்பது தொழில் வழக்கம். எந்த ஆழத்தில் என்ன மண் என்று பார்க்க. அன்றும் வெள்ளை மணல், சங்குத் துகள், சாம்பல் மணல் என்று குவியல்கள் வரிசையாக இருந்தன. வேலை முடிந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவதுதான் நாங்கள் அறிந்தது. துளையையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறோம்.

அண்ணன் குழாயை உருவச் சொன்னார். ஆட்கள் உருவி வைத்தார்கள். மண்வெட்டியைக் கேட்பார் என்று எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் மண்டியிட்டார். அடியிலிருந்து வந்த சாம்பல் மணலை இரண்டு கையாலும் அள்ளி வந்து, முதலில் அதைத் துளைக்குள் போட்டார். பிறகு அதற்கு ஓரடி மேலே இருந்து வந்தது. பிறகு அதற்கும் மேல். ஒரு குவியலும் இடம் மாறாமல், எந்த மண் எங்கே இருந்ததோ அங்கேயே சேர்த்து, மேல் மணல்வரை நிரப்பி, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார்.